மழையில் நின்று பரிசு வாங்கிய கோல்ப் வீரர் பாப்வா

1963-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவில் கடலோரத்தில் உள்ள டர்பன் நகரம். அங்கே டர்பன் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நேட்டால் ஓபன் என்ற கோல்ப் போட்டி நடந்து முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் கலந்துகொண்ட அந்தப் போட்டியில் வெள்ளையர் அல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவரே முதல் பரிசுக்கு உரியவர் ஆனார்.

பரிசு கொடுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் எல்லோரும் கிளப் கட்டிடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். வென்றவர் உள்ளே போக முடியாது. வெள்ளையர் இடத்துக்குள் இந்தியர் நுழையக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் அவர் வெளியிலேயே நின்றார். கொட்டும் மழையில் கோப்பை அவர் கைக்கு வந்தது. கிளப்புகளிலும் ஓட்டல்களிலும் தட்டு ஏந்தும் வேலைக்கு இந்தியர்கள் உள்ளே போகலாம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தென் ஆப்பிரிக்காவோடு விளையாடக் கூடாது என்று சொன்னவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. மழையில் நின்ற அந்த மனிதரின் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். ஊரார் அழைத்த பெயர் பாப்வா.

இந்த மழைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மழையில் நனைந்தவர் துடைத்துக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போகலாம். ஆனால் ஒரு தொழிலாளியின் வருமானத்தை அடைத்துவிட்டால் அவர் எங்கே போவார்?

கரும்புத் தோட்டத்து வழித்தோன்றல்

செவ்சங்கர் என்பது சிவசங்கர். பெயர் போடத் தெரியாத வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் நம்மவர் பெயர்களை இப்படித்தான் எழுதி வைத்தார்கள். பாப்வாவின் பெயர் வடநாட்டுப் பெயர். ஆனால் அவர் பிறந்த நேட்டால் இந்தியர் சமூகத்தில் தமிழர்களும் பெரும் பங்கினர். 1860-ம் ஆண்டு நவம்பர் மாதம் டர்பன் துறைமுகத்துக்கு முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது.

அவர்கள் போனது கரும்புத் தோட்டங்களுக்கு. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்க நினைத்தால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று பின்னால் ஒரு சட்டமும் வந்தது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம். காந்திஜியின் போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை போன்றவர்கள் சிறை சென்றதற்கு இந்த வரியும் ஒரு காரணம். 1914-ல்தான் அது ஒழிந்தது.

கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலை ஏறிய குடும்பங்களின் பேரன் பேத்திகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் புதிதாக இருக்காது. தேயிலைக்குப் பதில் கரும்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சமூகத்தில், டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையை ஒட்டிய ரிவர்சைடு பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையாக வளர்ந்தவர் பாப்வா. பள்ளிப் படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்திலேயே பீச்வுட் கோல்ப் மைதானம் இருந்தது. மரக்கிளையை வெட்டிக் கோல் செய்து, கிடைத்த பந்தை அடித்துப் பழகினார். கொஞ்சம் வளர்ந்ததும் அதே மைதானத்தில் கேடி வேலை.

கேடி என்றதும் நம் ஊர்க் கேடியை நினைத்துவிடக் கூடாது. கோல்ப் ஆடுகிறவரின் கோல்கள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர். மூணாறில் ஹைரேஞ்ச் கிளப் மைதானத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துரை கையை நீட்டுவார். எந்தக் கோல் வேண்டும் என்று அறிந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பந்து புதருக்குள் போனால் தேடி எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட பையன்கள் உலகம் முழுவதும் உண்டு.

பாப்வாவுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் அவர் கோலைப் பிடித்ததே தலைகீழ். வலது கை ஆட்டக்காரர்கள் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்துப் பிடிப்பார்கள். கிரிக்கெட் மட்டையைப் பிடிப்பதும் அப்படித்தான். பாப்வா வலது கையை மேலேயும் இடது கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். எந்த ஆசிரியர் கண்ணில் பட்டிருந்தாலும் முதல் நாளே திருத்தியிருப்பார். நல்லவேளையாகப் படவில்லை. அந்தப் பிடிக்கே பிற்காலத்தில் அவர் பெயர் வந்தது.

கோல்ப் ஆட்டத்தில் பணம் எப்படி வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பாப்வா இழந்தது என்ன என்பது விளங்காது.

மைதானத்தில் 18 குழிகள். பந்தை அடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு குழியிலும் விழவைக்க வேண்டும். எல்லாக் குழிகளையும் எத்தனை அடியில் முடித்தார் என்பதே கணக்கு. குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயித்தவர். பெரிய போட்டிகளில் நான்கு நாளில் நான்கு சுற்று, மொத்தம் 72 குழிகள்.

தொழில்முறை ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நம்மைப்போல் முதல் தேதியில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற வேலை அல்ல. நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, தங்கும் செலவு, பை சுமப்பவருக்குக் கூலி எல்லாம் அவருடைய பொறுப்பு. பெரிய போட்டிகளில் இரண்டு சுற்று முடிந்ததும் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்குப் பொதுவாகக் காலணா கிடையாது. மிஞ்சியவர்களுக்குத்தான் பரிசுப் பணம், அதுவும் வரிசைப்படி. அமெரிக்காவில் மொத்தத் தொகையில் 18 சதவீதம் முதல் பரிசு என்பது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. கீழே போகப் போகத் தொகை வேகமாகக் குறையும். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அந்த இரண்டு இடங்களின் பணத்தையும் கூட்டிச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒருவர் வாழ்நாளில் எவ்வளவு சம்பாதித்தார் என்பது அவருடைய திறமையை மட்டும் பொறுத்தது அல்ல. எத்தனை போட்டிகளில் இறங்க முடிந்தது என்பதையும் பொறுத்தது. வாசலைத் தாண்டாதவருக்குத் திறமை இருந்தும் வரும்படி பூஜ்யம்.

ஹாலந்தில் கிடைத்த முதல் வெற்றி

டர்பனில் கிரஹாம் வுல்ப் என்ற வெள்ளைக்கார ரசாயன நிபுணர் இருந்தார். இன்று நம் கடைகளில் ஓலே என்ற பெயரில் விற்கிற முகப்பூச்சின் பழைய வடிவத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கோல்ப் ஆடப் போன இடத்தில் பாப்வாவின் ஆட்டத்தைக் கண்டு வியந்து, தம்முடைய தொழிற்சாலையில் புட்டிகளில் மருந்து நிரப்பும் வேலை கொடுத்தார். சொந்த நாட்டின் பெரிய போட்டிகளில் பாப்வாவுக்கு இடம் இல்லை என்று தெரிந்ததும், 1959-ல் அவரை ஐரோப்பாவுக்கே அழைத்துச் சென்றார்.

பாப்வா முதலில் இங்கிலாந்து போனார். பிறகு ஹாலந்து. அங்கே டச்சு ஓபன் போட்டியில் அவரே முதல்வர். கையெழுத்துப் போடத் தெரியாத முன்னாள் கேடி, தலைகீழ்ப் பிடியோடு ஒரு நாட்டின் ஓபன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். ஒருமுறை ஜெயித்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 1960-ல் மறுபடியும் ஜெயித்தார். 1964-ல் மூன்றாம் முறையாகவும் ஜெயித்தார்.

அதே 1959-ல் பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் வென்றவர் இன்னொரு தென் ஆப்பிரிக்கர், கேரி பிளேயர். முதல் பரிசு 1,000 பவுன். ஒரே நாட்டைச் சேர்ந்த இருவர் ஒரே ஆண்டில் ஐரோப்பாவில் இரண்டு பட்டங்களை வென்றார்கள். ஊர் திரும்பியதும் ஒருவருக்கு எல்லா மைதானமும் திறந்திருந்தது. மற்றவர் வெள்ளையர் மைதானத்தில் ஆட ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது.

பாப்வாவின் பொன்னான ஆண்டு 1963 என்று சொல்லலாம். நேட்டால் ஓபன் வெற்றியைப் பார்த்தோம். அதே ஆண்டு தென் ஆப்பிரிக்க ஓபன் போட்டியில் இரண்டாம் இடம். ரெட்டீப் வால்ட்மன் என்பவர் முந்திக்கொண்டார். பிறகு இங்கிலாந்தில் ராயல் லித்தம் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் 13-ம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் இடத்தில் அது சாதாரண விஷயம் அல்ல. அந்த ஆண்டு அங்கே முதல் பரிசு 1,500 பவுன். அன்றைய நம் பணத்தில் 20 ஆயிரம் ரூபாய். மாதம் 10 ஷில்லிங் வாங்கிய பழைய கரும்புக் கூலியின் கணக்கில் சொன்னால் 250 ஆண்டுச் சம்பளம். 13-ம் இடத்துக்கு அதில் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும் என்றாலும், எட்டிப்பிடிக்கும் தூரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார் என்பதே முக்கியம்.

கேரி பிளேயரை வென்றார்

1965-ம் ஆண்டு நேட்டால் ஓபன். இந்தத் தடவை கேரி பிளேயரும் களத்தில் இருந்தார். உலகின் முதல் மூன்று ஆட்டக்காரர்களில் ஒருவராக அப்போது எண்ணப்பட்டவர் அவர். பாப்வா அவரைத் தோற்கடித்து இரண்டாம் முறையாகப் பட்டத்தை வென்றார்.

தோற்ற பிளேயர் அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கா போய் அங்குள்ள யு.எஸ். ஓபன் பட்டத்தை வென்றார். உலகின் நான்கு பெரிய பட்டங்களையும் வென்ற மூன்றாவது மனிதர் என்ற பெருமையும் அவருக்குச் சேர்ந்தது. பரிசு 26 ஆயிரம் டாலர். அதில் 25 ஆயிரம் டாலரை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். 5 ஆயிரம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, 20 ஆயிரம் இளம் ஆட்டக்காரர்களின் பயிற்சிக்கு. அன்றைய மதிப்பில் ஒரு லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். பெரிய மனதுதான், மறுக்க முடியாது. ஆனால் சில மாதங்களுக்கு முன் அவரை வென்றவருக்கு அந்த நேரத்தில் என்ன கிடைத்தது?

தடைதான் கிடைத்தது.

1965-ல் தென் ஆப்பிரிக்க அரசு ஒரு புதிய உத்தரவு போட்டது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த பழைய சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு அது. அனுமதி இல்லாமல் ஓர் இனத்தார் மற்ற இனத்தாரின் விளையாட்டு இடங்களில் ஆடவோ வேடிக்கை பார்க்கவோ கூடாது. முன்பு கேட்டால் சில சமயம் கிடைத்த அனுமதி பிறகு கிடைக்கவில்லை. தாம் வென்ற நேட்டால் ஓபனில் பட்டத்தைக் காப்பாற்ற பாப்வா 1966-ல் இறங்க முடியவில்லை. ஆடத்தான் வழியில்லை, பார்வையாளராக நின்று பார்க்கவும் வழியில்லை. பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள். ஹாலந்து வாசலும் மூடியது.

வெள்ளையர் அல்லாதவர்களுக்கு என்று தனிப் போட்டிகள் இருந்தன. அவற்றில் ஆடலாம். அவற்றின் பரிசுப் பணம் குடும்பம் நடத்தப் போதாது.

பணம் பெருகிய காலம்

கொடுமை எங்கே இருக்கிறது என்றால், பாப்வாவை அடைத்துவைத்த அதே ஆண்டுகளில்தான் கோல்ப் உலகில் பணம் வெள்ளமாக வந்தது. டெலிவிஷன் வந்து போட்டிகளை வீடு வீடாகக் காட்டியது. விளம்பரக் கம்பெனிகள் பரிசுத் தொகையை ஏற்றின. பிரிட்டிஷ் ஓபன் முதல் பரிசு 1965-ல் 1,750 பவுன். 1970-ல் 5,250 பவுன். ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு. அமெரிக்காவில் 1968-ம் ஆண்டு ஆர்னால்டு பாமர் என்ற வீரர் பரிசுப் பணத்திலேயே பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் மனிதர் ஆனார்.

நிறத்தைக் காட்டித் தள்ளிவைத்த கதை அமெரிக்காவிலும் இருந்தது. அங்குள்ள தொழில்முறை கோல்ப் சங்கத்தின் விதியிலேயே வெள்ளையர் மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை 1961-ல் நீக்கினார்கள். சார்லி சிபோர்டு என்ற கறுப்பர், அவரும் சிறுவயதில் கேடி வேலை பார்த்தவர், 1967-ல் ஹார்ட்போர்டு நகரப் போட்டியில் வென்று 20 ஆயிரம் டாலர் வாங்கினார். வாலிபம் கழிந்த பிறகே அவருக்கு வாசல் திறந்தது. அப்படியும் மொத்தத்தில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அவரால் சம்பாதிக்க முடிந்தது. வாசல் திறந்த நாட்டில் ஐம்பதை நெருங்கியும் ஒருவர் பிழைத்தார். வாசல் மூடிய நாட்டில் முப்பத்தைந்து சொச்சத்தில் இருந்த பாப்வா வேலையற்றவர் ஆனார். கோல்ப் ஆட்டத்தில் அது நடுவயதுகூட இல்லை. கை பழுத்து, நிதானம் கூடி, பணம் சேர்க்கும் பருவம்.

பாப்வா வென்றது எவ்வளவு என்று கூட்டினால் ஹாலந்தில் மூன்று, நேட்டாலில் இரண்டு ஆகிய பெரிய பட்டங்கள் தேறும். எல்லாம் பரிசுத் தொகை சிறுத்திருந்த காலத்துப் பட்டங்கள். படித்தவராக இருந்தால் எங்காவது ஒரு மேஜை வேலைக்காவது போயிருக்கலாம். கையில் இருந்த ஒரே தொழில் கோல்ப், அதைச் செய்யக்கூடாது என்றது சட்டம். தச்சனிடமிருந்து உளியைப் பிடுங்கிக்கொண்டு பிழைத்துக்கொள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. குடும்பம் வறுமையில் விழுந்தது.

1978-ம் ஆண்டு ஏப்ரலில் கேரி பிளேயர் 42-ம் வயதில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டத்தை மறுபடி வென்றார். பரிசு 45 ஆயிரம் டாலர். அந்த ஆண்டு ஜூலை மாதம் பாப்வா மாரடைப்பால் இறந்துபோனார். ஐம்பது வயது ஆகவில்லை. அதே ஜூலை மாதம் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது. ஜாக் நிக்லாஸ் வென்றார். முதல் பரிசு 12,500 பவுன்.

நிறவெறி ஆட்சி 1994-ல் முடிவுக்கு வந்தது. பின்னர் தபோ எம்பெகி தென் ஆப்பிரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தபோது, மறைந்த பாப்வாவுக்கு அரசு விருது அறிவித்தது. டர்பன் நகராட்சியின் கோல்ப் மைதானம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

நம் நாட்டிலும் பை சுமந்தவர்கள் பரிசு வாங்கிய காலம் வந்தது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1993-லும் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். அந்த ஒரு போட்டியில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சம் டாலர்.